டைபாய்டு என்று சொன்னோம்

எனக்கு டைபாய்டு வந்ததே இல்லை. ஆனாலும் பதினெட்டு வருடங்களாக ஊரும் உறவும் எனக்கு டைபாய்டு வந்து போனதாகத்தான் நம்பிக்கொண்டிருந்தன. 1999இல் என் தலைமுடி மொத்தமாகக் கொட்டியதற்கும், ஆறாம் வகுப்பில் பாதி வருடம் பள்ளிக்குப் போகாததற்கும், தாம்பரத்தில் சித்தி வீட்டில் மாதக்கணக்கில் தங்கியதற்கும் அந்த ஒரு சொல் போதுமானதாக இருந்தது. உண்மையில் எனக்கு வந்தது ஹாட்ஜ்கின் லிம்ஃபோமா, நிணநீர்க் கணுக்களில் வரும் புற்றுநோய். கழுத்தில் நெறி கட்டியிருக்கிறது என்று கும்பகோணத்தில் ஒரு டாக்டரிடம் காட்டப் போனோம். அவர் சென்னைக்கு எழுதிக் கொடுத்தார். குழந்தைகளுக்கு வரும் புற்றுநோய்களில் நன்றாகக் குணமாகக்கூடியவற்றுள் இதுவும் ஒன்று என்று அங்கே சொன்னார்கள். பதினைந்து நாளைக்கு ஒருமுறை என்று பன்னிரண்டு தடவை மருந்து ஏற்றினார்கள். குணமானது.

2017இல் எனக்கு 29 வயது, ஆறு மாதக் கர்ப்பம். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. இரவில் இரண்டு தலையணை வைத்துப் படுத்தவள் மூன்றாவதையும் எடுத்து வைத்துக்கொண்டேன். "வயித்துப்புள்ளக்காரிக்கு மூச்சு வாங்கத்தான் செய்யும், எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு" என்றார் மாமியார். மகப்பேறு மருத்துவர் வழக்கமான கேள்விகளுக்கு நடுவே, "சின்ன வயசுல பெரிய வியாதி ஏதாவது வந்திருக்கா?" என்று கேட்டார். அறையில் என் அம்மாவும் இருந்தார், அத்தையும் இருந்தார். "டைபாய்டு வந்துச்சு, டாக்டர்." இதை அம்மா சொல்லவில்லை. நானே சொன்னேன். எப்போது எழுத உட்கார்ந்தாலும் அந்த வாக்கியத்தில் வந்துதான் நிற்கிறேன்.

மூன்று வாரம் கழித்து, படுத்தால் இருமல், கால் வீக்கம் என்று ஆனபோது எக்கோ எடுத்தார்கள். இதயம் ஒரு துடிப்புக்கு வெளியே தள்ளும் ரத்தத்தின் அளவு 55 சதவீதத்துக்கு மேல் இருக்க வேண்டும், எனக்கு 38. இதய மருத்துவர் என் கழுத்தில் இருந்த பழைய பயாப்ஸித் தழும்பைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, எல்லாரையும் வெளியே அனுப்பினார். "கீமோ எடுத்திருக்கீங்களாம்மா?" என்றார். தலையை ஆட்டினேன். "சிவப்பு மருந்தா?"

சிவப்பு மருந்துதான். வார்டில் நாங்கள் அதை ரஸ்னா என்போம். ஏற்றிய அன்று சிறுநீரும் சிவப்பாகப் போகும். முதல் தடவை அம்மா அதைப் பார்த்து நர்ஸைக் கூப்பிட்டுக் கத்தியது நினைவிருக்கிறது. அதன் பெயர் டாக்ஸோரூபிசின் என்பதையும், மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரிலிருந்து இத்தாலியில் எடுக்கப்பட்டது என்பதையும், ஏட்ரியாட்டிக் கடலின் பெயரை ஒட்டி அதை ஏட்ரியாமைசின் என்றும் அழைப்பார்கள் என்பதையும் நான் தெரிந்துகொண்டது பிரசவத்துக்குப் பிறகு. புற்றுச் செல்களைக் கொல்வதில் கெட்டிக்கார மருந்து. ஆனால் இதயத் தசையையும் காயப்படுத்தும். இதயத் தசைச் செல்கள் மற்றச் செல்களைப்போலப் பெருகுவதில்லை; போனது போனதுதான். மிச்சம் இருக்கும் செல்களை வைத்துக்கொண்டு அந்தச் சின்ன இதயம் ஒரு முழு ஆளுக்கு ஈடுகொடுக்கும் அளவுக்கு வளர வேண்டியிருக்கிறது. வளரும்போது ஒன்றும் தெரியாது. பத்து வருடம், இருபது வருடம் கழித்து, சுமை கூடும்போது தெரியும். கர்ப்பம் அப்படி ஒரு சுமை. உடலில் ஓடும் ரத்தத்தின் அளவே அப்போது 40 முதல் 50 சதவீதம் வரை கூடுகிறது.

மருத்துவ உலகத்துக்கு இது புதுச் செய்தி இல்லை. எனக்கு நெறி கட்டுவதற்கு நான்கு வருடம் முன்பு, 1995இல், அமெரிக்காவில் ஸ்டீவன் லிப்ஷல்ட்ஸ் குழுவினர் ஓர் ஆய்வை வெளியிட்டிருந்தார்கள். சிறுவயதில் இந்த மருந்தை எடுத்துக்கொண்டவர்களில் பின்னாளில் இதயம் பாதிக்கப்படும் அபாயத்தைக் கூட்டுபவை இரண்டு என்றார்கள்: ஒன்று, மொத்த மருந்தின் அளவு. மற்றது, பெண்ணாகப் பிறந்திருப்பது. 2009இல் வெளியான இன்னொரு பெரிய ஆய்வில், பிழைத்தவர்களை அவர்களுடைய சொந்த அண்ணன் தம்பி அக்கா தங்கைகளோடு ஒப்பிட்டார்கள். இதயச் செயலிழப்பு ஏறக்குறைய ஆறு மடங்கு அதிகமாக இருந்தது. மும்பை டாடா நினைவு மருத்துவமனையில் சிகிச்சை முடிந்த குழந்தைகளுக்கென்றே தனிக் கிளினிக் 1991இலேயே தொடங்கிவிட்டார்கள். உலகத்தில் எங்கோ தெரிந்திருந்தது, இந்தியாவிலும் தெரிந்திருந்தது. என் உடம்புக்குள் இருந்த விஷயம் எனக்குத்தான் தெரிந்திருக்கவில்லை.

கோப்பு அம்மாவின் பீரோவில், பட்டுப்புடவைகளுக்கு அடியில், ஒரு மஞ்சள் பைக்குள் இருந்தது. பிரசவம் முடிந்து அம்மா வீட்டில் இருந்தபோது அதை வாங்கிப் படித்தேன். ஒவ்வொரு தடவையும் ஒரு சதுர மீட்டருக்கு 25 மில்லிகிராம். பன்னிரண்டு தடவை. 300. மொத்தம் 250ஐத் தாண்டினால் அதிக அபாயம் உள்ளவர்கள் என்றும், சிகிச்சை முடிந்து இரண்டு வருடத்துக்குள் எக்கோ எடுக்கத் தொடங்கி வாழ்நாள் முழுக்கப் பார்த்துவர வேண்டும் என்றும், கர்ப்பத்துக்கு முன்போ முதல் மூன்று மாதத்திலோ ஒரு தடவை பார்க்க வேண்டும் என்றும் 2015இல் வெளியான சர்வதேச வழிகாட்டுதல் சொல்கிறது. என் கோப்பின் கடைசித் தாளில் அதைவிடச் சுருக்கமாக, டாக்டரின் கையெழுத்தில், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை எக்கோ என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. அந்த மருத்துவமனை சொல்லத்தான் செய்திருக்கிறது. ஆனால் அப்பாவிடம் சொன்னது. பதினோரு வயதுப் பெண்ணிடம் யாரும் சொல்லவில்லை. அவளுக்குப் பதினெட்டு வயதாகும்போது யாராவது கூப்பிட்டுச் சொல்ல வேண்டும் என்ற ஏற்பாடும் இல்லை.

எக்கோ ஒரே ஒரு தடவை எடுக்கப்பட்டிருக்கிறது. அதற்குப் பிறகு நான் வயதுக்கு வந்துவிட்டேன். வயதுக்கு வந்த பெண்ணைப் புற்றுநோய் மருத்துவமனை வாசலில் யாராவது தெரிந்தவர்கள் பார்த்துவிட்டால்? 'அதான் நல்லா இருக்காளே' என்று அப்பாவும் விட்டுவிட்டார்.

அம்மாவிடம் நான் கோபமாகத்தான் கேட்டேன். "சொல்லியிருந்தா உன்னை யார் கட்டிப்பாங்க?" என்றார். அது பதில் இல்லை என்று சொல்ல எனக்கு இன்றும் தைரியம் வரவில்லை. எங்கள் தெருவிலேயே முழங்காலில் ஒரு வெண்புள்ளி இருந்ததற்காக நிச்சயம் நின்றுபோன பெண் இருந்தாள். ஆறு மாதம் வார்டின் தரையில் பாய் விரித்துப் படுத்தவர் என் அம்மா. அப்பா எனக்காக மூன்று மா நிலத்தை விற்றபோது, பொட்டப்புள்ளைக்கு இவ்வளவு செலவா என்று பெரியப்பா கேட்டதையும் அவர் காதால் கேட்டிருக்கிறார். நாட்டின் பெரிய புற்றுநோய் மருத்துவமனைகளின் பதிவேடுகளில் சிறுமிகளைவிடச் சிறுவர்கள் அதிகமாக இருக்கிறார்கள். ஹாட்ஜ்கின்போலச் சில புற்றுகள் பையன்களுக்கே அதிகம் வரும் என்பதைக் கணக்கில் எடுத்துக்கொண்டாலும் இடைவெளி மிச்சம் இருக்கிறது. அழைத்து வரப்படாத சிறுமிகள் அந்த இடைவெளியில் இருக்கிறார்கள். நான் அழைத்துச் செல்லப்பட்டவள். "உன்னைக் காப்பாத்துனதே பெரிசு" என்று உறவில் யாராவது சொல்லும்போது, அதில் இருந்த குத்தல் புரிந்தாலும், அது பொய் என்று என்னால் சொல்ல முடியாது.

ஆனால் காப்பாற்றப்பட்டதற்கு நன்றி உள்ளவளாக இருப்பது என்றால் என்ன? எங்கள் வீட்டில் அதற்கு ஒரு பொருள் இருந்தது: அதைப் பற்றி மறுபடி பேசாமல் இருப்பது. உயிர் கொடுத்தாயிற்று, இன்னும் என்ன கேள்வி. கடன் பட்டவர் கணக்குக் கேட்கக் கூடாது என்பதுபோல. இது எங்கள் வீட்டுக்கு மட்டும் உரியதென்று எனக்குத் தோன்றவில்லை. படிக்க வைத்த பெண்ணிடமும், வேலைக்குப் போக 'அனுமதிக்கப்பட்ட' பெண்ணிடமும் இதே நன்றிதான் எதிர்பார்க்கப்படுகிறது.

நான் நெடுநாள் இதை ஒரே கேள்வியாக நினைத்துக் குழம்பிக்கொண்டிருந்தேன்: மறைத்தது சரியா தப்பா? பிறகுதான் இதில் இரண்டு மறைத்தல்கள் இருப்பது பிடிபட்டது. ஊரிடம் மறைத்தது ஒன்று. என்னிடம் மறைத்தது இன்னொன்று. முதலாவதை நான் குற்றம் என்று சொல்ல மாட்டேன். பெண்ணின் உடம்பைச் சந்தைப் பொருளைப்போலத் திருப்பித் திருப்பிப் பார்க்கும் சபையில், என் மருத்துவக் கோப்பைத் தாம்பூலத் தட்டோடு சேர்த்து வைக்க வேண்டிய கடமை எனக்கு இருந்ததாக நான் நினைக்கவில்லை. மாப்பிள்ளை கல்லூரியிலிருந்து ஒரு நாளைக்கு ஒரு பாக்கெட் சிகரெட் பிடித்தவர். அவருடைய எக்கோவை யாராவது கேட்டார்களா? இல்லை. கேட்டிருக்க வேண்டும் என்றும் நான் சொல்லவில்லை. எதை யாரிடம் எப்போது சொல்வது என்ற முடிவு அந்த உடம்புக்கு உரியவரிடம் இருந்தால் அதற்கு அந்தரங்கம் என்று பெயர். என் விஷயத்தில் பீரோச் சாவி அம்மாவின் இடுப்பில் இருந்தது. அதற்குள் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. பதினோரு வயதில் என்னைத் தெரியாமல் வைத்திருந்ததைப் பற்றி வாதாடலாம். இருபது வயதில் அதற்கு என்ன நியாயம் இருக்கிறது?

அந்த மருத்துவரின் அறையில் நான் 'டைபாய்டு' என்று சொன்னது இதனால்தான் என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது. எனக்குப் புற்றுநோய் வந்தது எனக்குத் தெரியும். சிவப்பு மருந்துக்கும் மூச்சுத் திணறலுக்கும் தொடர்பு இருப்பது தெரியாது. தெரிந்திருந்தால் அத்தை பக்கத்தில் இருந்தாலும் சொல்லியிருப்பேன் என்று நம்ப விரும்புகிறேன். தெரியாததால், அந்தக் கேள்வி எனக்கு மருத்துவக் கேள்வியாகவே கேட்கவில்லை; பெண் பார்க்க வந்தவர்கள் கேட்கும் கேள்வியாகக் கேட்டது. அதற்குப் பழகிய பதில் நாக்கில் தயாராக இருந்தது. மூன்று வாரம். வயிற்றில் இருந்த பிள்ளைக்கும் எனக்கும் சேர்த்து மூன்று வாரத்தை அந்தச் சொல் எடுத்துக்கொண்டது.

கணவரிடம் சொல்லியிருக்க வேண்டுமா என்று தோழிகள் கேட்கிறார்கள். ஆமாம் என்றுதான் இப்போது நினைக்கிறேன். என் உடம்பின்மேல் அவருக்கு உரிமை இருக்கிறது என்பதால் அல்ல. ராத்திரி இரண்டு மணிக்கு நான் மூச்சுக்குத் தவித்தால் 108ஐக் கூப்பிட்டு, 'இவளுக்கு இந்த மருந்து ஏற்றியிருக்கிறார்கள்' என்று சொல்லக்கூடிய நிலையில் இருந்தவர் அவர் ஒருவர்தான். தெரிந்தபோது அவர் கொஞ்ச நாள் பேசவில்லை. பிறகு பேசினார். அந்த நாட்களைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை.

ஓட்டத்தைப் பற்றி எழுத வேண்டும். டைபாய்டு வந்து தேறியவள் என்ற பேரில் எனக்கு விளையாட்டு தடைசெய்யப்பட்டது. பி.டி. பீரியடில் மரத்தடியில் மற்ற பிள்ளைகளின் செருப்புகளுக்குக் காவலாக உட்கார்ந்திருந்தேன். சைக்கிள் கூடாது, கோகோ கூடாது, ஸ்கிப்பிங் கூடவே கூடாது. என் தம்பி மாவட்டக் கபடி வரை போனான். ரிவ்யூவுக்குப் போகும்போது வரிசையில் உட்கார்ந்து கேட்டது ஞாபகம் இருக்கிறது: பையன்களின் பெற்றோர், "எப்பலேர்ந்து விளையாட விடலாம், டாக்டர்?" என்பார்கள். பெண்களின் பெற்றோர் குரலைத் தாழ்த்தி, "பின்னாடி குழந்தை பிறக்குமா?" என்பார்கள். என் அப்பாவும் அதைத்தான் கேட்டார். பிறக்கும் என்று பதில் வந்தது. பெறுகிறவளின் இதயம் அந்தப் பத்து மாதத்தைத் தாங்குமா என்று கேட்க அவருக்குத் தோன்றவில்லை. கருப்பையைப் பற்றிய கேள்வியே இதயத்தின் வழியாகத்தான் போக வேண்டும் என்பது, பெண்ணைக் கருப்பையாக மட்டும் பார்க்கிறவர்களுக்கு எப்படித் தோன்றும்?

உட்கார வைத்தது என்னைக் காப்பதற்காக. மருத்துவமோ நேர்மாறாகச் சொல்கிறது. சிறுவயதில் ஹாட்ஜ்கின் வந்து பிழைத்த 1,187 பேரைத் தொடர்ந்து கவனித்து 2014இல் வெளியான ஆய்வில், மூச்சு வாங்கும் அளவுக்கு வாரம் மூன்று தடவை, ஒவ்வொரு தடவையும் இருபது நிமிடமாவது உடற்பயிற்சி செய்தவர்களுக்கு, அந்த அளவைத் தொடாதவர்களைவிட இதய நோய்கள் ஏறக்குறையப் பாதியாக இருந்தன. இழந்த தசையை ஓட்டம் திருப்பித் தராது. ஆனால் ரத்த அழுத்தம், சர்க்கரை, எடை என்று அடிபட்ட இதயத்தின் மேல் வந்து ஏறும் மற்றச் சுமைகளைக் குறைக்கும். இருக்கும் தசையைப் பழக்கும். எக்கோ பார்த்து, மருத்துவரிடம் கேட்டு, படிப்படியாகச் செய்ய வேண்டும், மூச்சை அடக்கிப் பெரிய எடைகளைத் தூக்குவதில் கவனம் வேண்டும் என்பதெல்லாம் உண்டுதான். மரத்தடியில் செருப்புக்குக் காவல் இருக்கச் சொல்லும் மருத்துவம் மட்டும் எதுவும் இல்லை.

அந்த மரத்தடியை நினைக்கும்போது எனக்கு ஒரு சந்தேகம் வருகிறது. என்னை உட்கார வைத்தது நோய்தானா? நோய் இல்லாத எத்தனையோ பெண்களும் வயதுக்கு வந்த மறுவாரம் அதே மரத்தடிக்கு வந்து சேர்ந்தார்கள். எட்டாம் வகுப்பில் எனக்குத் துணைக்கு நாலு பேர் இருந்தார்கள். நோய் எனக்குக் கொஞ்சம் முன்னதாகவே அந்த இடத்தைப் பிடித்துக் கொடுத்தது, அவ்வளவுதான்.

இந்த ஊரில் புற்றுநோயை வாய்விட்டுப் பேச வைத்ததில் பெண்களுக்குப் பெரும் பங்கு உண்டு. தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த முத்துலட்சுமி ரெட்டி, 1954இல் அடையாறில் புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கினார். அடுத்த வருடம் அங்கே வந்து சேர்ந்த சாந்தா, 2021இல் இறக்கும்வரை அதோடுதான் இருந்தார். இந்த நோய் தீரும், இதைச் சொல்ல வெட்கப்பட வேண்டாம் என்று அவர் வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். என் சிகிச்சை நடந்தது வேறோர் இடத்தில். ஆனாலும் சிவப்பு மருந்து என் கைக்கு வந்து சேர்ந்த வழியில் அவர்களும் இருக்கிறார்கள் என்று நினைத்துக்கொள்வேன். நோய் தீரும் என்பது பெரும்பாலும் ஊருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. தீர்ந்த பிறகு அந்தப் பெண்ணுக்கு ஒரு கோப்பு உண்டு, அது அவளுடையது என்பது இன்னும் போய்ச் சேரவில்லை.

மகன் முப்பத்தேழாவது வாரத்தில் பிறந்தான். எனக்குத் தினமும் இரண்டு மாத்திரை. இப்போது 49 சதவீதம். இரண்டாவது குழந்தை வேண்டாம் என்று மருத்துவர் கறாராகச் சொல்லவில்லை, யோசிக்கச் சொன்னார். யோசித்து, வேண்டாம் என்று நான்தான் முடிவு செய்தேன். "ஒத்தப்புள்ளையா போச்சே" என்று கேட்பவர்களிடம் காரணத்தைச் சொல்கிறேன். ஒரு சமயம் சொல்கிறேன், ஒரு சமயம் சொல்வதில்லை.

காலையில் ஐந்தரைக்கு மகாமகக் குளத்தைச் சுற்றி நடக்கிறேன். இரண்டு சுற்று நடை, அப்புறம் ஒரு சுற்று மெல்லோட்டம், மறுபடி நடை. அம்மா ஊரில் இருந்தால் கூட வந்து படிக்கட்டில் உட்கார்ந்துகொள்வார். ஒவ்வொரு தடவை அவரைத் தாண்டும்போதும் "மெதுவா, மெதுவா" என்பார். மருந்தின் பெயர், மொத்த அளவு, வருடம், கடைசி எக்கோவின் எண் எல்லாவற்றையும் ஒரு தாளில் தமிழில் எழுதி, லேமினேட் செய்து பர்சில் வைத்திருக்கிறேன். போன மாதம் ஓடப் போகும்முன் பர்சை அவரிடம் கொடுத்துவிட்டுப் போனேன். திரும்பி வந்தபோது கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, அந்தத் தாளைக் கண்ணுக்கு அருகில் பிடித்து எழுத்துக் கூட்டிக்கொண்டிருந்தார். "டாக்... ஸோ... ரூ..."

"ரஸ்னாம்மா" என்றேன்.

"அது தெரியும். முந்நூறுன்னு போட்டிருக்கே, அது என்ன?"

பக்கத்தில் உட்கார்ந்து கணக்கைச் சொன்னேன். மறுபடி சொல்லச் சொன்னார். பிறகு, அடுத்த எக்கோ எப்போது என்று கேட்டார். ஜூலை என்றேன். "அத்தைகிட்ட சொல்லிட்டியா, அன்னிக்குப் புள்ளையைப் பார்த்துக்கணும்ல?" என்றார்.